மாடி வீட்டுச் சாட்சி

"உங்களைக் கண்டாலே ஆகாத ஒருத்தரைக் காட்டுங்க. நான் அவர்கிட்ட பேசணும்."

மிஷனெரி சங்கத்துத் தலைவியம்மா இப்படிக் கேட்பார் என்று அந்தத் தம்பதி எதிர்பார்க்கவே இல்லை.

அவன் பம்ப் மெக்கானிக். அவள் பிரசவ வார்டு நர்ஸ். கடல் கடந்து ஒரு தீவில் ஊழியம் செய்த டாக்டர் ஒருவர் அவர்கள் சபைக்கு வந்து பேசியதிலிருந்து இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"அங்கே பிரசவம் பார்க்க ஆளில்லை. கிணறு இருக்கு, பம்ப் நின்னுபோனா பார்க்க ஆளில்லை" என்று அவர் சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு திரும்பினார்கள். பூட்டைத் திறக்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"போலாமா?"

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டு வந்தேன்."

பிறகு வேதாகம வகுப்பு, தீவு மொழிப் பயிற்சி, உடல் பரிசோதனை. எல்லாம் தாண்டிக் கடைசிப் படியில் வந்து இந்தக் கேள்வி.

"எங்க போதகர் நல்லபடியா சொல்லியிருக்காரேம்மா, அது போதாதா?"

"அவருக்கு உங்களைப் பிடிக்கும் தம்பி. போற இடத்துல எடுத்த எடுப்புல யாருக்கும் உங்களைப் பிடிக்காது. அதான் கேட்கறேன்."

இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். மாடி வீட்டுக்காரர். தனிக்கட்டை. கடவுள் என்று வாயைத் திறந்தாலே சீறுவார். இவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இடி'.

"அவரைக் கேட்டா நம்ம கதை கந்தல்" என்று மனைவியின் காதைக் கடித்தான் அவன்.

"அதுக்காகப் பொய்யா வேற ஆளைச் சொல்லச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே தலைவியம்மா வந்து மாடியேறிவிட்டார். கீழ்வீட்டில் இவர்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மேலே பேசுவது நன்றாகக் கேட்கட்டும் என்று அவள் ஃபேனை நிறுத்தினாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்தா பாட்டும்மா! சுருதியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!"

"அது நீங்க" என்றாள் அவள்.

"உப்பே இல்லாத சூப்பைக் கொண்டுவந்து நீட்டறா! எனக்கு பிரஷராம்! என் நாக்குக்கு இவ யாரு அதிகாரி?"

"அது நீ" என்றான் அவன்.

"குழாய் ஒழுகுதுன்னு நான் சொன்னேனா? கூப்பிடாமலே ஸ்பேனரோட வந்து நிக்கிறான்! பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். விழுந்தா விழறேன், இவங்களுக்கென்ன? ரெண்டு பேருமா வந்து கதவை உடைச்சுட்டாங்க. நல்ல கதவும்மா அது!"

"ஒண்ணு விடாம சொல்றாரே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் அவன்.

திடீரென்று மேலே சத்தம் அடங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ம்ஹூம்.

"மெதுவாப் பேசறாருங்க."

"மெதுவாவா? அவரா? அப்போ கத்திச் சொல்ல முடியாத எதையோ சொல்றாரு."

"என்னவா இருக்கும்?"

"அவ்வளவுதான், தீவை மறந்துடு."

படியிறங்கி வந்த தலைவியம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாஸ்போர்ட்டை எடுத்து வைங்க தம்பி. ரெண்டு பேரையும் எடுத்தாச்சு."

அவர்களுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"அவர் எங்களைத் திட்டலையாம்மா?"

"திட்டாமலா? எனக்கே காது அடைச்சுப்போச்சு. போதாததுக்கு, 'இவங்களை எங்கேயும் அனுப்பாதீங்க'ன்னு தீர்த்துச் சொல்லிட்டார்."

"அப்புறம் எப்படிம்மா..."

"பொறும்மா. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. தினம் அந்த மாடிக்கு ஏறி இறங்க ஒரு ஆளைப் பார்த்து வெச்சுட்டுத்தான் கப்பலேறணும்."

"அவருக்கா? போற ஆளைக் கடிச்சுத் துப்பிடுவாரே!" என்றான் அவன்.

தலைவியம்மா மாடிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் கேட்டேன். 'இவ்வளவு தொந்தரவு பண்றவங்க ஊரை விட்டே போனா உங்களுக்கு நிம்மதிதானே, ஏன் தடுக்கறீங்க'ன்னு. மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவங்களும் போயிட்டா, நான் உரிமையோட திட்டறதுக்கு யாரும்மா இருக்கா?'ன்னு அழுதுட்டார்."