மூன்றாவது நடுவர்

நெட்டையன் தன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டபோதுதான், பார்வையாளர் வரிசையில் இருந்த அவனுக்கு முதலில் சுருக்கென்றது.

மண்டல அளவிலான தொழில்நுட்பப் புத்தாக்கப் போட்டி. மேடையில் மூன்று நடுவர்கள். ஓரத்தில் இருந்தவள் அவன் மனைவி. வர வேண்டிய ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் முதல்வர் இவளை அனுப்பியிருந்தார். விடுமுறை நாள்தானே என்று அவனே காரில் கூட்டிவந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நடுவில் இருந்தவன் யாரென்று தெரியாது. உயரமாக இருந்தான். நெட்டையன் என்று மனசுக்குள் பேர் வைத்தாயிற்று.

காலையில் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அவள் மூன்று முறை உடை மாற்றினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொம்மைகளைப் பார்க்கவா இத்தனை அலங்காரம் என்று கிண்டல் செய்திருந்தான்.

தொகுப்பாளர் பெண் நடுவர்களை அறிமுகப்படுத்தத் தொடங்கினாள்.

முதலாமவர் துறைமுகத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி எழுந்து, கையசைத்து, உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நெட்டையன். அறிமுகம் அனுமார் வால் போல நீண்டுகொண்டே போனது. மண்ணுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதைச் சாலையில் நின்றபடியே ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கியவன். அதை வைத்துச் சொந்த நிறுவனம். வாங்கிப் பயன்படுத்தும் நகரங்கள். விருதுகள். வெளிநாட்டில் கௌரவப் பேராசிரியர்.

இத்தனையும் செய்தவனுக்கு ஒரு தொப்பையாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று அவன் வயிறு எரிந்தது. தன்னுடையதை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் மனைவியைக் கவனித்தான்.

அவள் நெட்டையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை. கன்னங்கள் சிவந்திருந்தன. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவள் தன்னை ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை.

"மூன்றாவது நடுவர், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளர்."

அவளுக்கு அவ்வளவுதான். கைதட்டல் கிளம்பிய இடத்திலேயே அடங்கிவிட்டது. தொகுப்பாளர் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கொசுறுச் செய்தியும் சேர்த்தாள். இவரும் நடுவில் இருக்கும் நடுவரும் ஒரு காலத்தில் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்களாம்.

அவனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி முள்ளாகிவிட்டது.

பக்கத்து வீட்டு நாய்க்குட்டி தும்மினால்கூட அவனிடம் வந்து ஒப்பிக்கிறவள் அவள். இந்த நெட்டையனைப் பற்றி மட்டும் இதுவரை மூச்சு விட்டதில்லை.

போட்டி ஆரம்பித்தது. பள்ளிப் பேருந்தில் தூங்கிப்போன குழந்தையைக் கண்டுபிடித்து அலறும் பெட்டியுடன் ஒரு மாணவி வந்தாள். பெட்டி, முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த சிறப்பு விருந்தினரைப் பார்த்து அலறியது. அரங்கமே வெடித்துச் சிரித்தது. மேடையில் நெட்டையன் மூன்றாவது நடுவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அவளும் சிரித்தாள்.

கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அவளைத் தேடிப் போனான். நடுவர்களுக்குத் தனி மேஜையாம். தட்டும் கையுமாகத் தூணோரம் நின்றான். தட்டில் இருந்ததைத் தொடவில்லை. தூரத்தில் நெட்டையன் தணிந்த குரலில் எதையோ கேட்டான். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். பிறகு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் யாரும் அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாருக்குப் பரிசு கிடைத்தது என்பதுகூட அவன் காதில் விழவில்லை. எல்லாம் முடிந்து அவள் காரில் ஏறி உட்கார்ந்தபோது, சாவியைத் திருகாமல் கேட்டான்.

"அவன் யாரு உனக்கு?"

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள்.

அந்தக் கருவி அவள் யோசனை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தரையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். வாகன இரைச்சலிலிருந்து கசிவின் ஒலியைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டவளும் அவள்தான். நெட்டையன் அப்போது கூடமாட உதவிக்கு இருந்தவன். சோதனை ஓட்டம் தொடங்கவிருந்த சமயத்தில் கணவனுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவள் எல்லாவற்றையும் நெட்டையன் கையில் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டக் கிளம்பிவிட்டாள்.

அவன் திருடவில்லை என்றாள். அவள் விட்டுப்போனதை அவன் விடவில்லை, அவ்வளவுதான். செய்தித்தாளில் அவன் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவாளாம். அந்தப் பேரைச் சொல்ல நாக்கு எழாதாம். இன்று தன் நிறுவனத்தில் வேலைக்கு வரும்படி கூப்பிட்டானாம், நல்ல மனசோடு. அதைத்தான் தாங்க முடியவில்லையாம்.

"அங்க அந்த அறிமுகத்த ஒவ்வொரு வரியா படிக்கப் படிக்க எனக்கு எரிஞ்சுது. பொறாமைதான். வேற ஒண்ணுமில்ல."

அவனுக்குக் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. மூச்சு தாராளமாக வந்தது. பசிக்கக்கூடச் செய்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"அட, இவ்வளவுதானா?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பின்கதவைத் திறந்து, பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வண்டியை எடுங்க" என்றாள்.