போய்ப் பார்த்தால்தானே தெரியும்

பள்ளியின் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்காக அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்முன்னு இருந்தா எப்படிம்மா?" என்றார் அப்பா. "மூணு பல்கலைக்கழகம், ரெண்டு பெரிய கம்பெனி. யாருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு?"

"எனக்கு வணிகம் வேண்டாம்ப்பா. வரலாறு படிக்கணும்."

"பார்க்காமலே வேண்டாம்னா? போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

மகள் மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். அவளுடைய மௌனத்துக்கு அந்த வீட்டில் சம்மதம் என்று பெயர்.

"ஸ்வெட்டரை மேலாகவே வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா. "ஐஸ்கிரீமைப் பார்த்ததும் வாயைப் பிளக்கக் கூடாது. இருமினா மருந்து கொடுக்க நான் அங்க இல்லை."

வாசலில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. மூவரும் பெட்டியோடு இறங்கி வந்தார்கள்.

"பெற்றோர் எல்லாரும் ஏறியாச்சா?" என்று ஆசிரியை குரல் கொடுத்தார். "பிள்ளைங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டாட்டா காட்டிட்டுப் போய்ப் படிங்க."

அப்பா பள்ளித் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலோர இருக்கையைப் பிடித்தார்.

மகள் ஜன்னலருகே வந்தாள். "எனக்கு என்ன பிடிச்சிருக்குன்னு நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்கப்பா."

"அதுக்குத்தானேம்மா போறேன்," என்றார் அப்பா.