மூடி திறந்திருக்கும் நேரம்

அவர் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு. ரோபோ சிரிக்குமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தூத்துக்குடியில், கடலடி ரோபோக்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நானும் மெரிட்டா அக்காவும் வேலை செய்தோம். சங்கு குளித்த அவள் கணவர் கிளமெந்து இறந்தபின், அவருடைய அனுபவத்தையும் குரலையும் ஒரு ரோபோவுக்குள் வைத்திருந்தார்கள். கடலில் அது பேசாது. ஆண்டுக்கொரு முறை அதன் நீர்புகாப் பெட்டியைத் திறந்து துடைக்கும்போது மட்டும் பேசும்.

"மெலிஞ்சிட்டியே மெரிட்டா."

"பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு என்னத்தக் கண்டீரு?"

"குரலே மெலிஞ்சிருக்கு."

பிறகு அக்கா ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி மூடியை முடுக்குவாள். வளையத்தில் ஒரு முடி கிடந்தாலும் தண்ணீர் கசியும். கசிந்தால் ரோபோ வேலையை விட்டு மேலே வந்துவிடும்.

அந்த ஆண்டு மூடிய பெட்டி மறுவாரமே திரும்பி வந்தது. வளையத்தின் மேல் நீண்ட நரைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன, அதுக்குள்ள?" என்றார் கிளமெந்து.

"சும்மாதான்."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

அடுத்த மாதமும் கசிந்தது. இனித் திறக்கவே முடியாதபடி பெட்டி முழுக்கப் பிசின் ஊற்றிவிடச் சொன்னார் முதலாளி. அந்த வேலையும் அக்காவுக்குத்தான் வந்தது.

"மெதுவா ஊத்து மெரிட்டா, இல்லன்னா உள்ள குமிழி நின்னுரும்," என்றார் கிளமெந்து.

அவள் மிக மெதுவாகத்தான் ஊற்றினாள்.

கிளமெந்து இன்னும் மன்னார் வளைகுடாவில் சங்கு தேடிக்கொண்டிருக்கிறார். நான் கொச்சிக்கு மாறிவிட்டேன். அக்கா அதே மேஜையில் மற்ற ரோபோக்களின் பெட்டிகளை மூடுகிறாள். எதுவும் கசிவதில்லையாம்.