கஸ்பாருக்கு எடுத்த விழா

"அந்த மனுசிக்கு நெஞ்சில ஈரமில்லை, வரதராசா! இண்டைக்கெண்டு பார்த்து என்னை நிலவறைக்குள்ள தள்ளிப்போட்டாள்."

பாலேந்திரன் உருளைக்கிழங்கு சீவிய வேகத்தில் பாதிக் கிழங்கு தோலோடு வாளிக்குள் போனது.

எண்பத்தாறாம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் டாவோஸில், பாலேந்திரனும் வரதராசனும் சமையலறை வேலை பார்த்த ஹொட்டேலில் அன்று பெரிய விழா. முதலாளி அம்மா மார்த்தாவின் பூட்டனுக்கு ஒரு தம்பி, கஸ்பார். கையில் சல்லியில்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். காடு வெட்டிக் குடியேறிய ஊரில் தானாகவே சட்டம் படித்து, குதிரையில் ஊரூராய்ப் போய் வழக்குப் பேசி, கடைசியில் சட்டசபைக்கும் போனவர். அவர் பிறந்த நாளுக்குத்தான் மேலே விருந்து.

"கறுப்புச் சனத்துக்காக வழக்காடின மனுசனாம். அந்தக் குடும்பத்தில பிறந்தவளுக்குக் கறுப்பன்ரை முகம் வெளியில தெரியக்கூடாதாம்!"

"உங்களுக்கு மேல என்ன அலுவல், அண்ணை?"

"தலைநகர் பேர்னிலயிருந்து பெரிய அரசியல்வாதி வந்திருக்கிறாரடா. என்ரை அகதி வழக்கை நிராகரிச்சுப்போட்டாங்கள். இனிக் கொழும்புப் பிளேன்தான். ஊரில எம்.பி.யைக் கலியாண வீட்டில பிடிச்சு எத்தினை காரியம் முடிச்சனாங்கள்! கையைக் கூப்பிக் கேட்டா இவர் மாட்டனெண்டோ சொல்லப்போறார்?"

"சொன்னா?"

"சொல்லட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஏறினார்.

மண்டப வாசலில் மார்த்தா குறுக்கே வந்தாள்.

"கீழ போம்."

"ஒரே நிமிசம், ஃப்ராவ் மார்த்தா. உங்கட கஸ்பார் இருந்திருந்தா என்னை உள்ள விட்டிருப்பார்!"

மார்த்தா கதவை விரலளவு திறந்து காட்டினாள்.

அரசியல்வாதி வைன் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சீருடையில் இரண்டு பொலிஸ்காரர், வாய் நிறைய இறைச்சி.

"உம்மைப் பிடிக்கத்தான் வந்தவை" என்று குசுகுசுத்தாள். "நீர் பிரான்சுக்கு ஓடிட்டீரெண்டு சொன்னன். கீழ தேடப் போகாமல் சாப்பாட்டில இருத்தியிருக்கிறன்."

பாலேந்திரன் கதவிலிருந்து பின்வாங்கினார்.

"பொலிசுக்குப் பொய்யோ சொன்னனீங்கள்?"

"கஸ்பார் இருந்தாலும் உம்மை உள்ள விட்டிருக்கமாட்டார். ஓடிவந்த அடிமையளை நிலவறைக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டு, தேடி வந்தவைக்கு மேல விருந்து வைச்ச மனுசன் அவர். இண்டைக்கு நடக்கிற பேச்சில அது மட்டும் வராது."