கும்பிட்ட கையோடு ஒரு டர்போ

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல இல்லீங்க ஏட்டையா. தலைக்கு மேல இருந்துச்சு, கும்புட்ட மாதிரி. கண்ணு வேற மூடியிருந்துச்சு."

பஸ் டிரைவர் அலாவுதீன் தானும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடிக் காட்டினார். ஏட்டு வைத்தியலிங்கம் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தார். தன் வீட்டுக் கூடத்திலேயே பெஞ்சு மேல் ஏற்றிய பையனைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சுப்ராயன்.

சாமானிய ஹெட்மாஸ்டரா அவர்! தினமும் பள்ளிக்கூட வாசலில் நின்று "ஓரமாப் போங்கடா" என்று கத்திக் கத்தியே குரல் தேய்ந்தவர். அவரிடம் படித்தவர்கள் தங்கள் கல்யாண ஊர்வலத்தில்கூட ஓரமாகத்தான் போனார்கள்.

வினை கப்பலில் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எண்பத்தாறாம் வருஷம் ஊர் திரும்பிய மைத்துனர், கூடவே ஒரு குட்டி டர்போ காரைக் கொண்டுவந்து தங்கை அமுதத்துக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். கார் என்றால், தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற சின்ன விசிறி. அது அளவுக்கு மேல் ஊதாதபடி ஒரு ஸ்பிரிங் காவல் காக்கும். அந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக மாட்டிக்கொள்ள அதைவிட முரடான ஒன்றையும் மைத்துனர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்திருந்தார்.

மெக்கானிக் தங்கப்பன் அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். இது உள்ளே போனால் காற்று கூடும், காற்று கூடினால் பெட்ரோல் கூடும், அப்புறம் வண்டி தரையில் நிற்காது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். சுப்ராயன் யோசிக்க வாயைத் திறப்பதற்குள், "மாட்டிருங்கண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அமுதம் விழிதியூரில் டிராக்டர் வைத்திருந்த வீட்டுப் பெண். எஞ்சின் விஷயத்தில் யோசனையெல்லாம் அவளுக்குப் பிடிக்காது.

மாட்டியாயிற்று. முந்தின நாள் நெடுங்காட்டுச் சாலையில் வெள்ளோட்டம். வாய்க்கால் கரையில் நின்ற கொக்குகளுக்கு இறகு மிஞ்சவில்லை. வண்டி நெடுங்காடு போய், இரண்டு பேரும் டீ குடித்து, திரும்பிக் கிளம்பிய பிறகுதான் வண்டியின் சத்தம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

திரும்பும் வழியில்தான் அலாவுதீனின் பஸ் எதிரே வந்தது. வரிசையாகப் போன வைக்கோல் வண்டிகளை ஒரே மூச்சில் தாண்டிய கார், பஸ்ஸின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் உரசாமல் பறந்தது. பஸ்ஸின் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. கண்டக்டர் பயத்தில், டிக்கெட் வாங்கியவர்களுக்கே மறுபடியும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"குனிஞ்சு பாத்தேங்க. எனக்கு நேர் கீழ சாரு, கும்புட்ட கையோட. பக்கத்துல அக்கா வேற. அவங்க முகத்துல பயத்தையே காணோம். பாவம், சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றார் அலாவுதீன். புகார் சொல்ல வந்த குரலில் பாதி பக்தியாக இருந்தது.

ஊரெங்கும் அதே பக்தி. கண்ணை மூடிக் கார் ஓட்டும் ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பிள்ளைகளும் கண்ணை மூடிச் சைக்கிள் விட்டதில், அன்று காலையிலிருந்து பாதிப் பள்ளிக்கூடம் குளத்தில் கிடந்தது. அதைக் கேள்விப்பட்டதும் சுப்ராயனின் தலை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

ஏட்டுக்கும் சங்கடம்தான். தன் மகனுக்கு எழுத்தறிவித்தவர் மேல் கேஸ் எழுதக் கை வரவில்லை. எழுதினால் ஹெட்மாஸ்டர் வேலை போய்விடும், பென்ஷனும் கேள்விதான் என்று அவரே எடுத்துச் சொன்னார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அலாவுதீன் பாய் கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னு முடிச்சுடறேன்."

சுப்ராயன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை தப்பும். ஆனால் அதற்கப்புறம் கடைத்தெருவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது? டீக்கடைப் பெஞ்சு சிரிக்கும். மீன்கூடைகள் சிரிக்கும். நாலாம் வகுப்பு சிரிக்கும். வேலை போனால் போகட்டும்.

"எழுதிக்குங்க ஏட்டையா" என்றார். குரல் தரையிலிருந்து வந்தது.

ஏட்டு பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். லைசென்ஸ் கேட்டார்.

"இல்லீங்க."

"எடுத்துட்டு வாங்க, இருக்கேன்."

"எடுக்கவே இல்லீங்க. எப்பவுமே."

கையும் இல்லை, கண்ணும் இல்லை, லைசென்ஸும் இல்லை. அலாவுதீன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியதெல்லாம் ஒரு ஓட்டா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பேனா தாளைத் தொடப் போன நேரம், காப்பித் தட்டோடு வந்த அமுதம் புருஷனைப் பார்த்தாள். 'சொல்லாதே' என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவர் பேரை எழுதாதீங்க ஐயா. அது பிரான்ஸ் வண்டி. ஸ்டீயரிங் எம்பக்கம்."