கொக்கு கீறிய வரி

ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு குட்டை. எருதுகள் குடித்துக் கலக்கியபின் ஆடுகளுக்குச் சேறுதான் மிஞ்சும். சண்டை முற்றவே, எல்லாரும் கொக்கிடம் நியாயம் கேட்டார்கள். "வந்த வரிசையில் குடிக்கணும், கொம்பைக் காட்டக் கூடாது" என்று அது கரைப்பாறையில் அலகால் கீறிவைத்தது. அந்த அலகைத் தவிர வேறு எதுவும் அதை அழிக்கக் கூடாது என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

வினையே அங்கேதான். அன்றிலிருந்து கொக்கால் ஒற்றைக்காலில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை.

"என் கன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுங்களேன், ஐயா" என்று எருது வந்தது. "எருதுகளை அடியோடு விரட்டச் சொல்லி எழுதுங்க, ஐயா" என்று ஆடு வந்தது. மூன்றாம் நாள் கன்றே வந்து, நாக்கு வறள நின்றது. கொக்கின் அலகு வரியை அழிக்கத் தானாகப் பாறைப்பக்கம் சாய்ந்தது. கொக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. சடாரென்று சிறகை விரித்தது.

"சட்டம் போட்டுட்டு எங்கே ஓடுறீங்க?" என்று ஆடு கத்தியது.

"இந்த அலகைக் கொண்டுபோய்த் தொலைக்க!"

கடலை எட்டுமுன் கொக்கு மனசு கேளாமல் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. எருது பாறையிடம் கெஞ்சியது, அதட்டியது, முட்டியும் பார்த்தது. பிறகு மெல்ல நடந்து ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றது.