ரேம் விலை இறங்கும் நாள்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று பார்த்தான். மீட்டர் கணக்கெடுக்க வந்தவன்போல.

பிரிவதற்கு முன் இது அவன் வீடும்தான்.

அவள் தலைக்குக் குளித்திருந்தாள். அவனுக்காக இல்லை என்று காலையிலிருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணத்தைப் போனிலேயே சொல்லியிருந்தான். கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரிப் பட்டை, ரேம், யானை விலை குதிரை விலை விற்கிறது. வருவதையெல்லாம் ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன. அவளுடைய கம்ப்யூட்டரில் இருக்கும் நான்கில் இரண்டு அவன் வாங்கிப் போட்டது. எடுத்துக்கொள்ளலாமா?

அதற்காகத்தான் வருகிறான் என்று அவள் நம்பவில்லை. மனுஷனுக்கு வர ஒரு சாக்கு வேண்டாமா?

காபியில் சர்க்கரை அரை ஸ்பூன். அவள் மறந்திருக்கவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து அசெம்பிள் செய்தது. ஊரார் கல்யாண வீடியோக்களை அதில் எடிட் செய்துதான் அவள் பிழைப்பு ஓடுகிறது.

ரேமை ஜோடி ஜோடியாக, ஒன்று விட்டு ஒன்றாகச் செருகுவார்கள். அவனுடையது, அவளுடையது, அவனுடையது, அவளுடையது.

கிளிப்பைத் தள்ளினான். டக். இன்னொரு டக்.

அவ்வளவுதான் வேலை.

இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தான். காபியை நின்றபடியே குடித்தான்.

"விலை இறங்கட்டும் ரோஸ்லின். புதுசா ரெண்டு வாங்கிட்டு நானே வந்து போட்டுத் தரேன்."

"எப்ப இறங்குமாம்?"

"அடுத்த வருஷங்கிறாங்க. அதுக்கு மேலயும் ஆகும்ங்கிறாங்க. யாருக்குத் தெரியும்?"

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

பெட்டியை மூடாமலே போயிருந்தான். உள்ளே அவளுடைய இரண்டு மட்டும், நடுவில் இடம் விட்டு நின்றன.

மூடி, ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. அவளுக்குத்தான் அழுகை வந்தது.

தங்கம் விலைகூடக் கேட்டறியாதவள். இப்போதெல்லாம் பல் துலக்கும் முன் ரேம் விலை பார்க்கிறாள்.

எடிட்டிங் நத்தையாக ஊர்ந்தது. மணப்பெண்கள் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றார்கள்.

ஒருநாள் ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைக்காரர் போன் செய்தார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டருக்குத் தோதா ரெண்டு ரேம் கிடைச்சிருக்கு. பழைய ஸ்டாக்கு, பழைய விலைக்கே தரேன். வேற யாருக்கும் சொல்லல."

வாங்குவதற்குப் பணம் இருந்தது.

"வேணாம் பாய்," என்றாள். "வந்து போட்டுத் தரேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு."

அன்று காலையும் விலை ஏறித்தான் இருந்தது.